கடைத்தெருவின் பழைய அகலம்

ஊர்க் கடைத்தெருவின் பழைய புகைப்படங்களை நூலகக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். திறந்துவைக்க இரும்புக்கடை முதலாளியைக் கூப்பிட்டார்கள். மைக் கிடைத்தால் விடுகிற ஆளா அவர்? தெருவின் மேல் இருந்த பாசமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாருங்கய்யா, எவ்வளவு அகலம்! ரெண்டு லாரி எதிரெதிரா வந்தாலும் உரசாது. இன்னைக்கு ஒரு சைக்கிள் போக வழியில்ல. தெருவையே முழுங்கி ஏப்பம் விட்டுட்டானுங்க!"

சொல்லும்போதே அவர் பார்வை மருந்துக்கடைக்காரர் மேல் போய் நின்றது. அந்த மனிதர் தன் மருந்துக்கடை முன் போட்ட ஒற்றைப் படியை இடிக்கச் சொல்லி வருடக்கணக்கில் மனுக் கொடுத்து வருகிறவர் நம் முதலாளி அல்லவா! மருந்துக்கடைக்காரர், பாவம், தரையைப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது.

முதலாளி இறங்கி வந்து, இருப்பதிலேயே பெரிய படத்தின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவியின் தம்பி, மூக்கு படுகிற அளவுக்குப் படத்தில் குனிந்தான். வெகுளி, மெல்லப் பேசவும் வராது.

"அத்தான், இதோ உள்ளதள்ளி நம்ம கடை! அப்பவே இருந்திருக்கு!"

"பின்ன? பரம்பரைக் கடைடா."

"முன்னாடி தெருவோரமா ஒரு விளக்குக் கம்பம் நிக்குது பாருங்க, அடியில பூ வேலைப்பாட்டோட. இதுலதானே அத்தான், நம்ம கடை நடுவுல கயிறும் வாளியும் தொங்கவிட்டிருக்கோம்?"

கைதட்டிய கூட்டம் படத்தருகே நெருங்கியது. மருந்துக்கடைக்காரர் இப்போது தரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், பேனா இருக்கிறதா என்று கேட்டார்.