குழாயைக் கடித்த சங்கு குளிகாரர்

கோடைக்கானல் ஏரியைச் சுற்றிப்பார்க்க வந்த மதுரை வக்கீல் ஒருவர் படகிலிருந்து குனிந்து அல்லிப்பூ பறித்தபோது, தொபுக்கென்று ஒரு சத்தம். துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த என் புருஷன் சூசைமாணிக்கம் மீன் துள்ளியது என்று நினைத்துவிட்டார். கரையேறிய பிறகுதான் வக்கீல் தோளில் கேமரா இல்லை என்று தெரிந்தது.

படகுத்துறை மேனேஜர் திருமலைச்சாமிக்கு விசாரணையெல்லாம் தேவைப்படவில்லை. ஏரிக்கரையில் அத்தனை பேர் முன்னால் என் புருஷனைத் திருடன் என்றார். திங்கட்கிழமைக்குள் கேமரா வராவிட்டால் வேலை போச்சு என்றார். தேடுவதற்குப் படகும் தர மறுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே ஏரியில் தள்ளியிருப்பேன்.

என் புருஷன் தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். மூச்சடக்கி நாலு தடவை மூழ்கிப் பார்த்தார். கோடைக்கானல் குளிர் நெஞ்சைப் பிடித்தது. பாசிதான் கைக்கு வந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஓர் அமெரிக்க வாத்தியாரிடம் முதுகில் கட்டி முங்கும் காற்று சிலிண்டர் இருந்தது. கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். பதினைந்து நிமிஷக் காற்றுதான் மிச்சம், மறுபடி நிரப்பக் கொச்சிக்குத்தான் போகவேண்டும் என்றார் வாத்தியார். கூடவே வளைந்த ரப்பர் குழாய் ஒன்றையும் கொடுத்தார். முகத்தைத் தண்ணீரில் வைத்து நீந்தும்போது இதில் மூச்சு விடணும், சிலிண்டரை மூழ்கும்போதுதான் தொடணும் என்று இரண்டு தரம் சொன்னார்.

இவர் குழாயை மண்ணில் போட்டார். சங்கு குளித்தவன் வாயில் குழாயா என்று கேட்டார். கரையிலேயே சிலிண்டரின் வாய்முனையைக் கடித்துக்கொண்டு இறங்கி, அல்லிக்கூட்டம் வரை நீந்திச் சேர்வதற்குள் பாதிக் காற்றைத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். என்னோடு கரைக்கு வந்திருந்த வாத்தியார் சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்து, இனி ஆறே நிமிஷம் என்றார்.

நான் குழாயைக் கழுவி நீட்டினேன்.

"திருடன் பொண்டாட்டின்னு பேர் வாங்குறதவிட, குழாயக் கடிச்சவன் பொண்டாட்டின்னு வாங்கிக்கிறேன். கடிங்க."

கடித்தார். கறுத்த நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே நகர்ந்தது. நான் கரையோரமாக அதோடு ஓடினேன். அல்லிக்கூட்டத்துக்குப் போய் இப்படியும் அப்படியுமாக அலைந்தது, நின்றது, சட்டென்று மறைந்தது. குமிழி வந்தது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். முந்நூற்றுப் பத்தில் குமிழி நின்றுபோனது. மாதாவே என்று முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டேன்.

அப்போது தலை வந்தது. பிறகு கை. கையில் தோல் உறை, பாசி சுற்றிய வார், உள்ளே கேமரா! நான் கத்திய கத்தலில் குதிரைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

திருமலைச்சாமி வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திங்கட்கிழமை வெள்ளனே வேலைக்கு வந்துவிடச் சொன்னார். நான் நகரவில்லை. தரையைப் பார்த்தபடி, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று முனகினார்.

என் புருஷன் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"அவருக்குக் காதுல தண்ணிங்க," என்றேன். "அன்னைக்குத் திருடன்னு சொன்னீகளே, அதே சத்தத்துல சொல்லுங்க."

சொன்னார்.