ஹோபர்ட்டின் வேலியும் ஒரு கிழட்டு நட்சத்திரமும்

…வேலியாகத்தான் இருக்கும், வேறென்ன, நொடிக்கு ஒருதரம் கம்பியில் மின்சாரம் தட்டும் மாட்டு வேலி, எங்காவது ஈரப்புல் உரசிப் பொறி பறந்தால் போதும், எங்கள் ரேடியோ தொலைநோக்கிக்கு அது நட்சத்திரத் துடிப்பு போலவே கேட்கும், முதலில் ஊரைச் சந்தேகப்படுவதுதானே என் வேலை, தொலைநோக்கிக்கு இடைஞ்சல் என்று இந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் கிடையாது, பொறி பறக்கும் பெட்ரோல் வண்டிகூடத் தொலைநோக்கி பக்கம் வரக்கூடாது, இந்த டீசல் லாரிதான்… எட்டு வருடமாக ஒரே ஒரு கிழட்டு நட்சத்திரத்தைக் கேட்கிறாள் எங்கள் ஆய்வாளர் ரோஸ்லின், கடைசி இரண்டு வருடம் சத்தமே இல்லை, செத்தது என்று எழுதிவிடச் சொல்லிவிட்டார்கள், இன்று மாலையோடு அதற்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது, மத்தியானம் திரையில் துடிப்பு வருகிறது, விட்டு விட்டு, ஆனால் பலமாக. கிழடு இவ்வளவு பலமாகத் துடிக்குமா என்றேன். "போய்ப் பாரு. வேலின்னா நேராச் சொல்லிடு, ஆறுதல் சொல்லாத" என்றாள்.

படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இந்த மாதிரி நட்சத்திரங்களைப் பற்றி மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு சூரியனின் எடை, ஓர் ஊர் அளவு உருண்டைக்குள், பிறந்த புதிதில் நொடிக்கு முப்பது சுற்று, சுற்றுக்கொரு துடிப்பு, பிறகு கோடிக்கணக்கான வருடம் மெல்ல மெல்லத் தளர்ந்து, நடுவில் ஒரு துடிப்பை விட்டு, பத்தை விட்டு, ஒருநாள் பேச்சை முழுதாக நிறுத்தி… ஆனால் சுழல்வது நிற்காது, இருட்டில் ஊமையாகச் சுழன்றபடியே இருக்கும், அப்படி எத்தனை சுழல்கின்றன இப்போது என் தலைக்கு மேல்? வேலிக்காரர் வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினேன்.

ஹோபர்ட் சோளரொட்டியை மென்றபடி கதவைத் திறந்தார். போன மாசம் மின்சாரப் போர்வை, இந்த மாசம் வேலியா, அடுத்து என் பல்செட்டையும் புடுங்கிட்டுப் போவீங்களா என்றார். மாடு வெளியே போனால் நான்தான் பிடித்து வர வேண்டுமாம். சரி என்றேன். வேலியை அணைக்க அவர் கொட்டகைக்குப் போக, சுவரில் இருந்த போனில் ரோஸ்லினைப் பிடித்தேன், ஜன்னல் வழியே அவர் கை சுவிட்சுக்குப் போவது தெரிந்தது.

"நின்னுபோச்சு" என்றாள்.

அவ்வளவுதான், எட்டு வருடம், ஒரு மாட்டு வேலி. ஆனாலும் சரிபார்க்கும் முறை என்று ஒன்று இருக்கிறதே, மறுபடி போடச் சொல்லிக் கையைக் காட்டினேன், போட்டார், கம்பியை மோந்துகொண்டிருந்த பசு துள்ளி விலகியது.

"இப்ப?"

"ஒண்ணுமில்ல. போடச் சொல்லு."

"போட்டாச்சு, ரோஸ்லின்."

பசு முறைத்துக்கொண்டிருந்தது, வேலி தட்டிக்கொண்டே இருந்தது, திரையில் எதுவும் இல்லை… அப்படியென்றால் திரையில் துடித்து நின்றது வேலி அல்ல, அந்த நட்சத்திரமேதான். ஹோபர்ட்டின் விரல் சுவிட்சைத் தொட்ட அதே நொடியில் அது தானாக வாயை மூடியிருக்கிறது, இல்லை, அந்த நொடியில் இல்லை, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வீடும் இல்லாத காலத்தில் மூடிய வாய், அந்த மௌனம் இத்தனை நூறு வருடம் வழி நடந்து இன்று மத்தியானம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது, அதற்குப் பிறகு அங்கே அது மறுபடி பேசியதா, இல்லையா, பேசியிருந்தால் அந்தப் பேச்சு இப்போது எந்த இருட்டில் எங்களை நோக்கி…