ஃபென்னா வீட்டுத் துக்கப்பூச்சி

யெல்டோவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே அவன் வீட்டில் துக்கப்பூச்சி நிறைந்துவிட்டது. வந்தவர்கள் கோப்பையில் மிதந்த பூச்சியை ஓரம் தள்ளிக் காபி குடித்தார்கள். கேக் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டு எடுத்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. எள்ளளவு கறுப்புப் பூச்சி, கடிக்காது, பறக்கக்கூடச் சரியாகத் தெரியாது. டச்சு நாடு முழுக்க அதைத் துக்கப்பூச்சி என்றுதான் அழைக்கிறார்கள், ஆனால் பெயரோடு நிறுத்திக்கொண்டு, பூந்தொட்டி ஈரத்துக்கு வருகிறது என்பார்கள். எங்கள் கால்வாய்த் தெருவில் அது சாவு விழுந்த வீட்டுக்கு மட்டும் வரும், போனவர் புழங்கிய இடமாகத் தேடி உட்காரும், அழுது தீர்ந்ததும் போய்விடும். சொத்துள்ள மாமனார் ஒருவர் செத்தபோது அந்த வீட்டுக்கு ஒரே ஒரு பூச்சி வந்து, அதுவும் மறுநாள் காலையில் ஜன்னல் ஓரம் மல்லாந்து கிடந்தது. எங்கள் ஜன்னல்களுக்கு யாரும் திரை போடுவதில்லை, அதனால் தெருவே பார்த்தது. அந்த மருமகளை இன்றைக்கும் விடாமல் கிண்டல் செய்கிறோம்.

யெல்டோவின் மனைவி ஃபென்னாவைப் பற்றி அப்படி வாயைத் திறக்க முடியாது. யெல்டோ படகு வரும்போது பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலையில் இருந்தவன். ஆணியில் தொங்கிய அவனுடைய மஞ்சள் மழைக்கோட்டு பூச்சி அப்பிக் கறுப்புக் கோட்டாகிவிட்டது. எப்பேர்ப்பட்ட மனைவி என்று தெரு மெச்சியது, அவளுக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். ஆனால் எதையும் அளவோடு செய்கிற ஊர் இது. ஒரு வருடம் துக்கம், அதற்கு மேல் போனால் படம் காட்டுகிறாள் என்பார்கள். இரண்டாம் வருடமும் பூச்சி குறையவில்லை, மூன்றாம் வருடம் பேச்சு கிளம்பியது, ஃபென்னாவும் பெருமையை விட்டுவிட்டு அவற்றைத் துரத்தப் பார்த்தாள்.

அதில் அவளுக்குத் துணை நின்றவள் எதிர்க்கரை ரோல்ஃபின். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததிலிருந்து தோழிகள். கல்யாணம் செய்துகொள்ளாதவள், தினமும் காபி நேரத்துக்குப் பாலத்தைக் கடந்து வருவாள், வரும்போதெல்லாம் கையில் ஒரு வைத்தியம் இருக்கும். தீக்குச்சிகளைத் தலைகீழாகத் தொட்டி மண்ணில் குத்தச் சொன்னாள். மண்மேல் மணல் பரப்பச் சொன்னாள். கிண்ணத்தில் வினிகர் ஊற்றிப் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடச் சொன்னாள். பசை தடவிய மஞ்சள் அட்டையை எந்த உயரத்தில் நட்டால் எவ்வளவு ஒட்டும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. கடைசியில் தொட்டிகளையே இருவரும் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். பூச்சி கோட்டில்தான் இருந்தது. ரோல்ஃபின் மட்டும் இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்று ஃபென்னா எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ரோல்ஃபின் இதற்குள் தன் வீட்டு ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தாள், வெயிலில் சோபா வெளுக்கிறதாம். எங்கள் தெரு எதையும் பொறுக்கும், திரையைப் பொறுக்காது. இருந்தாலும் சோபா புதுசு என்று மன்னித்துவிட்டோம்.

மஞ்சள் அட்டை விற்கும் பெரென்ட் வாய் சும்மா இருக்காத ஆள். ஒருநாள் ஃபென்னாவிடம், “உங்க ரெண்டு பேருக்குமே தனியா ஒரு பெட்டி வரவழைக்கணும் போல. ரோல்ஃபின் வந்து இருந்ததையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. ஆமா, அவங்க வீட்ல யாரு தவறிட்டாங்க?” என்று கேட்டான். யாரும் தவறவில்லை. ரோல்ஃபினின் அப்பா அம்மா போய், அவர்களுக்கு வந்த பூச்சியும் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஃபென்னா கடையிலிருந்து நேராகப் பாலத்தைக் கடந்து, தட்டாமல் கதவைத் திறந்தாள்.

உள்ளே பகலிலேயே விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சமும் மங்கலாகத்தான் இருந்தது. கூரையிலிருந்து மஞ்சள் அட்டைகள் தொங்கின, எல்லாம் கறுத்துப் போயிருந்தன. பூச்சிகள் ஜன்னலோர நாற்காலி ஒன்றின்மேல் மெத்தை போட்டதுபோல் அடர்ந்திருந்தன. அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் தூக்குப் பாலம் தெரியும், படகு வந்தால் பாலம் தூக்குகிறவன் உடனே எழுந்து ஓடலாம். ஃபென்னாவுக்கு அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காபி போடட்டுமா என்று ரோல்ஃபின் கேட்டாள், எங்கள் ஊரில் எந்தக் கேவலத்துக்கு நடுவிலும் அதைக் கேட்டுவிடுவோம்.

“எனக்குச் சொல்லிக்குடுத்ததெல்லாம் இங்க செஞ்சு பாத்ததுதானாடி?”

“ஆமா. எதுவுமே கேக்கல. உனக்காவது கேக்கட்டுமேன்னுதான் சொன்னேன்.”

ஃபென்னா அழவில்லை, கத்தவில்லை, கதவை மட்டும் திறந்தே விட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து யெல்டோவின் கோட்டை ஆணியிலிருந்து எடுத்துக் கால்வாயில் எறிந்தாள். இனி அந்த நாய்க்கு ஒரு பூச்சிகூட மிஞ்சாது என்று நினைத்தாள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், வயிறு எரிகிற வீட்டில் துக்கம் எப்படித் தங்கும்? அது சரியாகத்தான் நடந்தது. அந்த வாரமே யெல்டோவின் பூச்சிகள் செத்து உதிர்ந்தன, முறத்தில் வாரிக் குப்பையில் கொட்டினாள், மனசு கொஞ்சமும் வலிக்கவில்லை என்று அவளே சொன்னாள்.

கடைசி முறத்தைக் கொட்டிய மறுநாள் காலையில் புதிய பூச்சிகள் வந்தன. முன்பு வந்ததைவிட இரண்டு மடங்கு. கோட்டு தொங்கிய ஆணிப்பக்கம் ஒன்றும் போகவில்லை. சமையலறை மேசையில் ரோல்ஃபின் வழக்கமாக உட்காரும் எதிர்ப்பக்க நாற்காலியில் போய் உட்கார்ந்தன, காபி நேரம் வந்ததும் எழுந்து கால்வாயைப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில், ரோல்ஃபின் திரையை எடுத்துவிட்டு உயிரோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பவருக்குத் துக்கப்பூச்சி வந்ததை அதற்கு முன் நாங்கள் கண்டதில்லை. பாதிரியார் இதில் பாவம் ஒன்றும் இல்லை என்றார். பெரென்ட் அட்டைப் பெட்டியை இலவசமாகவே கொண்டுவந்தான், அவள் வாங்கவில்லை.

போய்ப் பேசிவிடேன், கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டில் ஹிலியே என்பவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். ஃபென்னா கண்ணாடியைப் பார்த்தபடியே, “செத்தவனுக்கு அழுது முடிச்சாச்சு. இவ தினமும் எந்திரிச்சு வந்து நிக்கிறாளே, இவளுக்கு நான் எப்ப அழுது முடிக்கிறது?” என்றாள்.

அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. வருடங்கள் போய்விட்டன, பூச்சி இருக்கிறது. அவள் வீட்டுக்குக் காபிக்குப் போனால் அந்த நாற்காலியை விட்டுவிட்டு வேறு இடத்தில் உட்காருகிறோம்.