ஆணா பெண்ணா என்று சொல்லாத பெயர்

பதிவு அலுவலகத்தின் திருமதி ஹென்செல் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் கீழேயிருந்த கையெழுத்தை மட்டும் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இதை எழுதியவர் ஆண்தானே என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

"ஓம் ஓம், எங்கள் பாதர்" என்று றொனால்ட் ஜெர்மன் மொழியில் பெருமையாகச் சொல்லி முடித்த பிறகுதான், பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த மனைவி பிறேமாவுக்கு விஷயம் உறைத்தது. அருள் என்பது பெண் பிள்ளைகளுக்கும் வைக்கிற பெயர்தான் என்று அத்தாட்சி கொடுத்த, இங்குள்ள தமிழ்க் கோயில் பாதரின் பெயரே அருள். மன்னாரில் எந்தச் சிக்கலென்றாலும் கோயில் பாதரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். பதினேழு வருடம் ஜெர்மனியில் இருந்தும் றொனால்ட் அந்த வழக்கத்தை விடவில்லை. கடிதமும் இருந்தது, முத்திரையும் இருந்தது, கையெழுத்துத்தான் காலை வாரிவிட்டது.

திருமதி ஹென்செல் கெட்டவர் அல்ல. முதற்பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும், இங்கே அதுதான் முறை, நான் என்ன செய்ய என்றார். அருள் இருக்கட்டும், கூடவே பெண் பெயர் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், மரியா என்று சேர்த்தால் அழகாக இருக்குமே என்றும் சொன்னார். பெயர் கொடுப்பதற்குப் பிறந்த நாளிலிருந்து ஒரு மாதம் தவணை. அதில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் றொனால்ட் சொன்னான். "மரியா நல்ல பேர்தானே. மாதாவின்ர பேர். நீர் ஏன் அடம் பிடிக்கிறீர்?"

"மாதாவில எனக்கென்ன கோவம்? ஆனா அக்காவுக்கு ஒரு பேர்தான். அருள். அது போதும் எண்டுதான் அவ வாழ்ந்தவ."

வாழ்ந்தவ என்று தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டுப் பிறேமா திடுக்கிட்டாள். "வாழுறா" என்று உடனே திருத்தினாள். றொனால்ட் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான்.

அக்கா வன்னியில் இருந்தாள். 2008 ஒக்ரோபரில் கடைசியாகக் கதைத்தபோது, இடம் மாறப் போகிறோம், போய்ச் சேர்ந்ததும் தொலைபேசி எடுக்கிறேன் என்றாள். எடுக்கவில்லை. அங்கே நடக்கும் சண்டையைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அணைப்பதைத் தவிரப் பிறேமாவால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. டிசம்பரில் பெண் பிள்ளை பிறந்ததும் செய்வதற்கு ஒரு காரியம் கிடைத்தது. பிள்ளைக்கு அக்காவின் பெயரை வைப்பது. அதையும் ஒரு மேசைக்குப் பின்னாலிருந்து ஒருவர் முறை இல்லை என்றால், மனிசி எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜனவரி பிறந்தது. பெயர் பதியாததால் பிள்ளைக்கு மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லை. மருத்துவரிடம் போனால் பெயர் எழுதும் இடத்தில் 'பெண் குழந்தை' என்று எழுதினார்கள். றொனால்ட் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'அருள் மரியா' என்று படிவத்தை நிரப்பி, அவள் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான். தவணை முடிய இரண்டு நாள் இருந்தது. பிறேமா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியபோது தொலைபேசி அடித்தது.

பாதர் அருள். கடிதம் சொதப்பிய நாளிலிருந்து மனிதர் குற்றவாளி போல ஒளித்துத் திரிந்தவர். இன்று குரல் பூசைமேடையில் நிற்பது போல இருந்தது.

"பிள்ளை, கையெழுத்து வைச்சிட்டீரோ?"

"இல்லை பாதர். இப்பதான்..."

"வையாதையும்! பேனையை வையும் கீழ. பேப்பரில வந்திருக்கு. கார்ல்ஸ்றூவ பெரிய கோர்ட் தீர்ப்புச் சொல்லிப்போட்டுது."

அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார். இந்தியப் பின்னணி உள்ள பெற்றோர் மகளுக்குக் கிரண் என்று பெயர் வைத்தார்களாம். இதே பதில்தான் அவர்களுக்கும் கிடைத்ததாம். அவர்கள் விடாமல் ஒவ்வொரு படியாக ஏறி, நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய்விட்டார்கள்.

"பேர் ஆணோ பெண்ணோ எண்டு காட்ட வேணுமெண்டு ஒரு சட்டமும் இல்லையாம், பிள்ளை. எல்லாரும் இருக்கெண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கினம்."

பிறேமாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவள் அறிந்த கோர்ட் என்றால், பிடித்துக்கொண்டு போன பிள்ளையைத் தேடித் தாய்மார் வாசலில் காத்து நிற்கிற இடம். இங்கே நாட்டின் பெரிய நீதிபதிகள் கூடியிருந்து ஒரு சின்னப் பெட்டையின் பெயரை யோசித்திருக்கிறார்கள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாதர் அந்தப் பக்கம் "பிள்ளை, பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அவள் பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு தனியாகவே போனாள். பாதர் கொடுத்த பத்திரிகைத் துண்டைத் திருமதி ஹென்செல் நிதானமாக வாசித்தார். மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் வேறு யாருக்கோ எடுத்தார். நாற்பது நிமிடம் பிறேமா சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் திருமதி ஹென்செல் தலையாட்டிவிட்டுக் கணினியில் தட்டத் தொடங்கினார். தட்டிக்கொண்டே, உங்கள் மகள் வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வருமே என்று உண்மையான கவலையோடு சொன்னார்.

"சொல்லுவாள்" என்றாள் பிறேமா தன் அரைகுறை ஜெர்மனில். "வாய் இருக்கிறது."

திருமதி ஹென்செல் சிரித்துவிட்டார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அச்சாகி வந்தபோது சூடாக இருந்தது. முதற்பெயர்: அருள். அவ்வளவுதான். அடுத்த வரியில் பெண் என்று தனியாகப் போட்டிருந்தது.

வெளியே பனி கொட்டியிருந்தது. பேருந்துத் தரிப்பிடத்தில் ஒரு வயதான ஜெர்மன் மனிசி, வெங்காயமும் லீக்ஸும் துருத்திக்கொண்டிருந்த பையோடு நின்றார். வண்டிலுக்குள் எட்டிப் பார்த்து, பெயர் என்ன என்று கேட்டார்.

"அருள்."

"ஓ, பையனா?"

"இல்லை. பெண்."

பெயர் பெற்றுக் கால்மணி நேரமாகவில்லை, அதற்குள் முதல் விளக்கம். பிறேமாவுக்கு அலுப்பு வரவில்லை, இன்னும் பத்துப் பேர் கேட்டாலும் சொல்லலாம் போல இருந்தது. கிழவி அந்தப் பெயரை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். ஆறுல், அருள்ல், அருள். மூன்றாம் தரம் ஓரளவு சரியாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் குனிந்து, தூரத்தில் நிற்கும் ஒருவரைக் கூப்பிடுவது போலப் பலமாகக் கூப்பிட்டார்.

"அருள்!"

பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. பேருந்து வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. பிறேமா பனி மூடிய தெருவின் மறுகோடியைப் பார்த்தபடி, அக்காவுக்காக, "ஓம்" என்றாள்.