புஸ்பவதி கடைசியாகப் பேசவேண்டிய சுற்று

எழுபத்தேழு நாளாக என் மனைவி புஸ்பவதி என்னோடு பேசவில்லை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாது. எங்கள் வீட்டில் எழுபத்தேழு நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். குளிர்சாதனப்பெட்டி மட்டும் இடைக்கிடை என்னோடு கதைக்கும்.

குற்றம் என்னுடையது. இருபது வருடமாக அவள் பயற்றங்காய் போட்ட வாடகைத் தோட்டம் என் பெயரில் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு, முழங்கால் நோகிறதென்று அவளைக் கேளாமலே, இனி வேண்டாமென்று எழுதிக் கொடுத்து அதை விட்டுவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பீலெஃபெல்ட் நகரமே ஒரு முழம் நகர்ந்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன். இப்போது பல் வைத்தியர் ஊசி போட்ட தாடைபோல எனக்கு முழு உடம்பும் மரத்துக் கிடக்கிறது.

மாதத்தில் ஒரு மத்தியானம் எங்கள் சங்க மண்டபத்தில் போக்கர் சீட்டாட்டப் போட்டி. பத்துப் பேர், பரிசு ஒரு பிரஷர் குக்கர். குலுக்கலில் என் இடப்பக்கத்துக் கதிரை புஸ்பவதிக்கு விழுந்தது. எனக்கு அடுத்து ஆடவேண்டியவள் அவள்.

அங்கே எதையும் வாயால் சொல்லவேண்டும் என்பது சட்டம். போன வருடம் ஒருவர் மேசையில் தட்டியதற்கு இரண்டு அர்த்தம் எடுத்து, மூன்று சம்பந்தங்கள் குழம்பின. ஆகவே மற்ற எல்லோரும் சீட்டை விட்ட சுற்றில் நான் 'ஓல் இன்' என்று முழுவதையும் வைத்தால், புஸ்பவதி எனக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

அந்தச் சுற்றுக்காகக் காத்திருந்தேன். கையிருப்புக் கரைந்தது. ஒருமுறை இரண்டு ராசா வந்தன. ஆனால் அதே மேசையில் இருந்த ஜசிந்தா முன்பே பந்தயம் கட்டியிருந்தாள். புஸ்பவதியின் பதில் எனக்கு மட்டும் என்று ஆகாது. உலகத்தில் எவனும் விடாத சீட்டை விட்டேன்.

எதிரே இருந்த கிருஷாந், இவ்வளவு குறைந்த கையிருப்புக்குக் கணக்குப்படி நான் எப்போதோ எல்லாவற்றையும் வைத்திருக்கவேண்டும் என்றான்.

"அண்ணை, அடைக்கோழி மாதிரிக் குந்திக்கொண்டிருக்கிறியள். குஞ்சு எப்ப பொரிக்கும்?"

பிறகு ஒரு சுற்றில் ஒவ்வொருவராக எல்லோரும் விட்டார்கள். நானும் அவளும் மிச்சம். என் கையில் ஏழும் இரண்டும். அதைவிடக் கேவலமான சீட்டு இன்னும் அச்சடிக்கப்படவில்லை.

"ஓல் இன்," என்றேன். பந்தயச் சிப்புகளைத் தள்ளிய கை வேறு யாருடையதோபோல இருந்தது.

புஸ்பவதி தன் சீட்டைப் பார்த்தாள். ஒரு பனிக்காலம் வந்து போனது. பேசாமல் சிப்புகளைத் தொட்டாள். போட்டி நடத்தும் தபோதரன், வாயால் சொல்லவேண்டும் அக்கா என்று பணிவாக நினைவுபடுத்தினான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களிட்ட ஒண்டும் இல்லைத்தானே?"

இந்தக் கேள்விக்கு எந்தப் போக்கர் மேசையிலும் எவனும் உண்மை சொன்னதில்லை.

"ஓம்," என்றேன். "ஒண்டுமில்லை."

"அப்ப பாக்கிறன்," என்று என் பந்தயத்துக்கு ஈடாகத் தன் சிப்புகளை வைத்தாள்.

அவளிடம் இரண்டு ஒன்பது. மேசையில் பொதுவாக விரித்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. நான் வெளியே. சந்தோஷம் ஏதும் வந்திருக்கிறதா என்று உள்ளே தட்டிப் பார்த்தேன். ஊசியின் மரப்பு இன்னும் இறங்கவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குப் பின்னால் போட்டு அமர்ந்தேன்.

அவள் திரும்பவில்லை.

"பின்னுக்கு இருந்தா எனக்கு விளையாட ஏலாது. வெளியில நில்லுங்கோ, முடிய வாறன்."

பஸ் தரிப்பில் போய் நின்றேன். வீட்டுப் பக்கம் போகும் மூன்று பஸ் வந்தன. மூன்றையும் விட்டேன்.