நூற்றொன்றாவது குதி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதையை எழுதும் உத்தேசமே எனக்கு இல்லை. ஒரு வாரப் பத்திரிகையின் உடல்நல மலருக்காகக் கூப்பிட்டார்கள். "எந்த உடற்பயிற்சி பிடிக்கும், ஏன் பிடிக்கும்னு நாலு பேர்கிட்ட கேட்டு நக்கலா ஒண்ணு எழுதிக் குடுங்க சார்." நக்கல் என்றால் என் ஞாபகம்தான் வரும் அவர்களுக்கு. இருபது வருடமாக அடுத்தவர் தொப்பையைப் பற்றி எழுதியே என் தொப்பையை வளர்த்தவன் நான்.

கேட்டேன். பூங்காவில் கையை வீசி நடந்தவர் "கொலஸ்ட்ரால்" என்றார். நீச்சல் குளத்திலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட ஏறி வந்தவர் "முதுகுவலி" என்றார். சைக்கிள்காரர், ரத்த அழுத்தம். எடை தூக்கும் இளைஞன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "தன்னம்பிக்கை சார்" என்றான். எல்லோர் முகத்திலும் எதையோ திருடித் தின்ற பூரிப்பு. வாயில் மட்டும் மருந்துச் சீட்டு.

ஐந்தாவது ஆள் தற்செயல். ஒரு பழைய ஆவணத்தின் நகல் வாங்க ஓர் அலுவலகத்தின் பதிவறைக்குப் போயிருந்தேன். இரும்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கயிறு தொங்கியது.

"இது என்னம்மா?"

"ஸ்கிப்பிங் கயிறு சார்."

"எதுக்கு?"

"குதிக்க."

"ஏன்?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மாதான்."

இந்தச் சும்மாவை வைத்து நாலு வரி கிண்டல் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். முடியவில்லை. கீழே நீங்கள் படிக்கப்போவது அந்தத் தோல்வியை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

*எண்பத்திரண்டு கிலோ எடையுள்ள அந்தப் பெண்மணி கயிற்றைச் சுழற்றியதும் கட்டடமே*—

(அடித்துவிட்டேன். அவர் எடை எனக்கு எப்படித் தெரியும்? நகல் வாங்கப் போனவன் தராசா கொண்டுபோனேன்?)

இரண்டாம் முயற்சி:

*காலம் என்னும் மாபெரும் கயிறு நம் அனைவரின் காலடியிலும்*—

(இதை எழுதியவனை எங்கேயாவது பார்த்தால் சொல்லுங்கள். தனியாக இரண்டு வார்த்தை பேச வேண்டும்.)

மூன்றாவது:

மதியம் ஒன்று பத்துக்கு அவர் பதிவறையின் கதவைத் தாழிடுவார். வயது நாற்பத்தொன்பது. அலுவலகத்தில் ரெக்கார்டு அக்கா என்று பெயர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரிப்பார். ஆணியிலிருந்து கயிற்றை எடுப்பார். கழித்துக்கட்டிய கோப்புகளின் நாடாக்களை மூன்று புரியாகப் பின்னி அவரே செய்துகொண்டது அது. எத்தனையோ பேருடைய மனுக்களை வருடக்கணக்கில் அசையவிடாமல் கட்டி வைத்திருந்த நாடா, இப்போது நிமிடத்துக்கு நூறு சுற்று சுற்றியது.

முதல் இருபது குதி, உடம்புக்கும் அவருக்கும் நடக்கும் பேரம். வேண்டாமே என்று முழங்கால் கெஞ்சும். முப்பதைத் தாண்டினால் மூச்சும் கயிறும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும். ஐம்பதில், வீட்டுக்காரரின் முணுமுணுப்பு, மகளின் பரீட்சை, தேங்கிய தபால் எல்லாம் ஒவ்வொன்றாக அலமாரியில் ஏறி உட்கார்ந்துவிடும். அறுபதுக்குமேல் சத்தம் மட்டும்தான்: சட், சட், சட். நடுநடுவே, இரண்டு காலும் தரையில் இல்லாத ஒரு கண்ணிமைப்பு. அந்த நேரத்தில் அவர் யாருக்கும் அக்கா இல்லை.*

கால் தடுக்காமல் அதிகபட்சம் தொண்ணூற்று நான்கு. நூறைத் தொட வேண்டும். தொட்டால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. ஒன்றரைக்குக் கயிறு ஆணிக்குப் போகும், சாப்பாட்டு டப்பா திறக்கும்.

(* ஆராய்ச்சிக்காக வீட்டில் நானும் குதித்துப் பார்த்தேன். ஏழு. எட்டாவது சுற்றில் கயிறு மேசை விளக்கைக் கூட்டிக்கொண்டு வந்தது. "கிண்டல் பண்றது சுலபமா இருந்துச்சுல்ல?" என்றாள் மனைவி.)

3

ஒரு பெண் சும்மா குதிக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு காரணம் கொடுத்தேன்: சர்க்கரை நோய். கொஞ்சம் வறட்சியாக இருந்தது. அதனால் சிறுவயதில் கூடவே கயிறு தாண்டிய தங்கை ஒருத்தியைப் படைத்து, மூன்றாம் பத்தியில் கொன்றேன். எனக்கே கண் கலங்கியது. எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"எனக்கு சுகர் இல்லையே சார்."

"கதைன்னா ஒரு காரணம் வேணும்மா."

"அதுக்குன்னு தங்கச்சியைச் சாகடிப்பீங்களா? நேத்து சாயங்காலம்தான் போன் பண்ணி ஒரு மணி நேரம் என் காதைத் தின்னா."

"படிக்கிறவங்க ஏன்னு கேப்பாங்களே."

"பந்தியில ரெண்டாவது தடவை கேட்டு வாங்குறவங்களை ஏன்னா கேக்கறோம்? பிடிச்சிருக்கு, வாங்குறாங்க. உடம்பை ஆட்டினா மட்டும் எல்லாருக்கும் டாக்டர் சீட்டு வேணுமா?"

இரண்டு காரணத்தையும் அடித்தேன். தங்கை பிழைத்தாள். அடித்த சர்க்கரை வேறு வழியாகத் திரும்பி வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

4

பதிவறைக்கு நேர் கீழே அதிகாரியின் அறை. (பாத்திரம் பிறந்ததும் என் பேனா தானாக நாக்கைச் சப்புக்கொட்டியது. அடக்கிக்கொண்டு சொல்கிறேன்.) அவர் கையில் காலடி எண்ணும் கடிகாரம் உண்டு. திங்கட்கிழமை தோறும் ஊழியர்களை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, உட்காருவதால் வரும் கேடுகளைப் பற்றிப் பேசுவார். தினமும் பத்தாயிரம் அடி நடப்பதாகச் சொல்வார். அந்தக் கணக்கின் ரகசியம் அடுத்த அறைத் தட்டச்சருக்குத் தெரியும். வலது கை கையெழுத்துப் போடும்போது, மேசைக்கடியில் இடது கை ஊஞ்சலாடிக்கொண்டிருக்கும். தட்டச்சருக்கு அலுவலகம் வைத்த பெயர் ரேடியோ.

"சார் இன்னிக்கும் ஒன்பதாயிரத்தை உக்காந்துக்கிட்டே நடந்துட்டாருக்கா!" என்று ரேடியோ ஒலிபரப்பினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா தொண்ணூற்று நான்கைத் தாண்டினார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு. அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நூற்றொன்றாவதை, இரண்டு முழங்காலையும் மடக்கி, பள்ளிக்கூடம் விட்ட மணியைக் கேட்ட பிள்ளை மாதிரி ஒரு எம்பு எம்பினார்.

கீழே, நகக்கண் அளவு சுண்ணாம்புக் காரை அதிகாரியின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது.

மறுநாள் குறிப்பாணை வந்தது. "நண்பகலில் மேல்தளத்தில் இனம்புரியாத அதிர்வு உணரப்படுகிறது. காரணம் கண்டறிந்து குறிப்பு வைக்கவும்." கட்டடப் பராமரிப்பைப் பார்க்கும் எழுத்தர் விடுப்பில் இருந்தார். அவர் வேலையைச் சேர்த்துப் பார்ப்பவர் யார்? ரெக்கார்டு அக்கா. ஆக, அதிர்வைக் கண்டுபிடிக்கும் கோப்பு, அதிர்வின் மேசைக்கே வந்து உட்கார்ந்தது.

எலி என்று எழுதியிருக்கலாம். பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று எழுதியிருக்கலாம். நானாக இருந்தால் நிலநடுக்கம் என்றுகூட எழுதியிருப்பேன். அக்கா எழுதியது இது: "அதிர்வுக்குக் காரணம் நான். மதிய உணவு இடைவேளையில் ஸ்கிப்பிங் செய்கிறேன். கட்டடம் நன்றாக இருக்கிறது." கையெழுத்து, தேதி.

மதியம் மூன்றுக்குக் கோப்பு திரும்பியது. பச்சை மையில் ஒரே சொல்: "ஏன்?" அதற்கடியில் ஒரு வரி எழுதுமளவு இடம். அதற்கும் கீழே: "மாலை ஐந்துக்குள் விளக்கம் தேவை. தக்க காரணம் இல்லையெனில் உணவு இடைவேளையில் அறை பூட்டப்படும்."

5

"அக்கா, இதுக்கெல்லாம் முகத்தைத் தொங்கப் போடுவாங்களா?" என்றாள் ரேடியோ. "சுகர்னு ஒரு வார்த்தை எழுதுங்க. உடம்புக்குன்னா சார் உருகிடுவாரு. என் மச்சான் கிளினிக்லதான் இருக்கான், நாலரைக்குள்ள சர்ட்டிபிகேட் உங்க டேபிள்ல இருக்கும்."

"எனக்கு சுகர் இல்லையேடி."

"இந்த ஆபீஸ்ல இல்லாதது எத்தனையோ பேப்பர்ல இருக்கு. கூட ஒண்ணு சேர்ந்தா கட்டடம் இடிஞ்சா போயிடும்?"

அக்கா ஆணியில் தொங்கிய கயிற்றைக் காட்டினார். "அப்புறம் நாளைக்கு அந்த சுகருக்காகத்தானேடி நான் குதிக்கணும்?"

"யாருக்காகக் குதிச்சா என்னக்கா, குதி குதிதானே?"

"இல்லடி. இவ்வளவு நாளும் அது எனக்கே எனக்குன்னு இருந்துச்சு."

மூன்றரைக்கு என் தொலைபேசி அடித்தது. "சார், நீங்க அடிச்ச சுகர் இங்க வந்து நிக்குது. எழுதறவர்தானே நீங்க? சும்மாங்கறதை ஆபீஸ் பாஷையில எப்படி எழுதறது, சொல்லுங்க."

இருபது வருட எழுத்து. "மனமகிழ்வின் பொருட்டு" என்றேன். அதை நானே அடித்தேன். "உள்ளக்களிப்பினை முன்னிட்டு?"

"கேக்கவே மூச்சு வாங்குது சார். நூறு குதிச்சப்பகூட இவ்வளவு வாங்கல" என்று வைத்துவிட்டார்.

6

என்னிடம் கைவசம் உள்ள முடிவுகள்:

(அ) சர்க்கரை என்று எழுதுகிறார். அனுமதி கிடைக்கிறது. கூடவே ஒரு பதிவேடும்: தேதி, நேரம், எத்தனை குதி, முன்னேற்றம் உண்டா. மறுநாள் பதினொன்றில் கால் தடுக்கிவிடுகிறது. அதற்கு மறுநாள் ஒன்பதில். (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.)

(ஆ) சும்மா என்று எழுதுகிறார். அறை பூட்டப்படுகிறது. அவர் வாசலுக்கு வந்து குதிக்க, ஒவ்வொருவராக அலுவலகமே சேர்ந்து— (பின்னணி இசை கேட்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன்.)

(இ) அதிர்வுக் கோப்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு நேராக அதிகாரி அறைக்குப் போகிறார். மேசைக்கடியில் ஊஞ்சல் நிற்கிறது. "எத்தனை ஆச்சு சார்?" "ஒன்பதாயிரத்து எழுநூறு." "மிச்சத்தை நின்னுக்கிட்டே முடிச்சுடுங்க" என்று கயிற்றை நீட்டுகிறார். இதை ஒரே மூச்சில் எழுதினேன், சிரித்துச் சிரித்து. அதிகாரி கதவைச் சாத்திவிட்டு, ஒரு சுற்று சுற்றி, ஒரு முறை குதித்தார். அப்போது அவர் முகம் இருந்த இருப்பில் என் பேனா நின்றுவிட்டது. ஒன்பது வயசுப் பையனின் முகம் அது. அதிகாரிகளைக் கவிழ்த்துத்தான் எனக்குப் பழக்கம். அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தாளைக் கிழித்தேன்.

7

மணி நான்கு ஐம்பது. கயிறு ஆணியில். ரேடியோவின் மச்சான் அனுப்பிய சான்றிதழ் மேசை ஓரத்தில், முத்திரையோடு, அழகாக. கோப்பு திறந்திருக்கிறது. எலி என்று எழுத வழி இருந்தும் எழுதாத அந்தக் கை, பேனாவைப் பிடித்துக்கொண்டு பச்சைக் கேள்விக்கடியில் காத்திருக்கிறது. அது என்ன எழுதும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூங்காக்காரரும் நீச்சல்காரரும் ஏன் கொலஸ்ட்ரால், முதுகுவலி என்றார்கள் என்பது மட்டும் இப்போது புரிகிறது. சந்தோஷத்துக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

ஆகவே நீங்கள்தான் எழுத வேண்டும். உட்கார்ந்துகொண்டு எழுதாதீர்கள், நான் அப்படித்தான் கெட்டேன். இந்தப் பக்கத்தைக் கீழே வையுங்கள். எழுந்திருங்கள். செருப்பைக் கழற்றுங்கள். கயிறு வேண்டாம், ஒரே ஒரு முறை எம்புங்கள். இரண்டு காலும் தரையில் இல்லாத அந்தக் கண்ணிமைப்பில் என்ன இருந்ததோ, அதைத் தரைக்கு வந்த சூட்டோடு அந்த ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பத்து நிமிடம் இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் வந்து ஏன் என்று கேட்டால், தயவுசெய்து கொலஸ்ட்ரால் என்று மட்டும் சொல்லாதீர்கள்.