காய்ந்த குழி

ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கென்று வைத்திருந்த கறுப்புக் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு லெனக்ஸ் ஆகாயத்தாமரையை வாரிக்கொண்டிருந்தான். கால்வாய் பம்புக்குள் நுழையும் வாயில் ஆளுயரக் கம்பித் தடுப்பு. அதில் வந்து அப்பும் கொடி, பிளாஸ்டிக் புட்டி, செத்த கோழி, யார் வீட்டு நாற்காலிக் காலோ, எல்லாவற்றையும் முள்வாரியால் இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் தடுப்பு அடைத்துக்கொண்டு பம்பு நின்றுவிடும்.

இந்த வேலைக்கு ஓர் இயந்திரம் படத்தில் இருந்தது. புதுப் பம்பு நிலையத்துக்கு ரிப்பன் வெட்டிய அன்று தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த பொறியாளர்கள் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். மூன்று பம்பு, தானாகக் குப்பை வாரும் சங்கிலி, எல்லாம் வண்ணத்தில். வந்து சேர்ந்தது இரண்டு பம்பு. அதிலும் ஒன்று, ஏதோ ஒரு பாகம் கப்பலில் வருகிறது என்று தார்ப்பாய் போர்த்திக்கொண்டு தூங்கியது. சங்கிலிக்குப் பதில் லெனக்ஸ் இருந்தான்.

கடல் ஏறியிருந்தது. அது இறங்கினால்தான் மதகுக் கதவைத் தூக்கித் தண்ணீரைத் தானாக வெளியே விட முடியும். அதுவரை பேஷன்ஸ் கிராமம் மொத்தமும் அந்த ஒற்றைப் பம்பின் தயவில் கிடந்தது. மழை விட்டபாடில்லை.

வேவ்னி பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் வந்தாள். செத்துப்போன அவன் மனைவி இஸ்மேயின் அக்கா. இறுதிச் சடங்குக்கென்று வெள்ளை உடுத்தியிருந்தாள். கையில் லெனக்ஸின் கோட்டு.

"பெட்டிய மூடப் போறாங்க. நீ இங்க குப்பை பொறுக்கிட்டு இருக்க."

"வந்துட்டே இருக்கேன்க்கா. சுக்தேவ் வந்து மாத்திவிடட்டும்."

"அவ சாகும்போதும் இதையேதான் சொல்லியனுப்பின. வந்துட்டே இருக்கேன்னு. ரெண்டு தடவ உன் பேரச் சொன்னா, லெனக்ஸு. உன்னக் கூட்டியாரச் சொல்லி மறுபடி ஆள் அனுப்புறதுக்குள்ள போயிட்டா."

லெனக்ஸ் இன்னொரு கொத்துக் கொடியை இழுத்துக் கரையில் போட்டான். நடந்தது அதுதான். வெள்ளத்தில் நடந்து திரிந்து இஸ்மேக்குக் காய்ச்சல் பிடித்தது. ஆம்புலன்ஸ்காரன் பெரிய ரோட்டோடு நின்றுகொண்டு, இதற்குமேல் வண்டி வராது என்று போனில் சொன்னான். அந்த நேரத்திலும் இவன் இதே இடத்தில் இதே வாரியோடு நின்றுகொண்டிருந்தான். நகரத்துப் பிணவறைக்கும் வழியில்லை, ஐஸும் கரைந்துவிட்டது. இன்னொரு நாள் வைத்திருக்க முடியாது என்று மூக்கே சொல்லிவிட்டது.

"அடக்கத்துக்காவது கூட நில்லு," என்றாள் வேவ்னி. "அதுக்கும் நீ வரலன்னா, செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

"நான் நின்னா பம்பு நிக்கும். பம்பு நின்னா குழியில தண்ணி ஏறும். அவ என்ன கேட்டான்னு உனக்குத் தெரியாதா?"

வேவ்னிக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் வந்த பெருவெள்ளத்தில் அவர்கள் அம்மாவைப் புதைத்தபோது பெட்டி மிதந்தது. நாலு ஆண்கள் துடுப்பால் அழுத்திப் பிடிக்க, பாதிரியார் ஜெபத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அக்காளும் தங்கையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் இஸ்மே ஆரம்பித்துவிடுவாள். "என்னத் தண்ணியில போட்டுடாத லெனக்ஸு. அம்மாவ அமுக்குன மாதிரி என்ன அமுக்க விட்டுடாத." அவன் சிரிப்பான். "பம்புக்காரன் பொண்டாட்டிக்கு ஈரக்குழியா? ஊர் சிரிக்காதா?"

கல்லறைத் தோட்டம் இதே கால்வாயின் மேல்முனையில் இருந்தது. கால்வாயில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ, குழியிலும் அங்கேதான் நிற்கும். காலையிலிருந்து அவன் பேய் பிடித்தவனைப் போல வாரியது அதற்காகத்தான்.

மாட்டுக்காரர் சுக்தேவ் ஒருவழியாக வந்து சேர்ந்தார். இரண்டு மாடுகளை வெள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தவற்றை அணைக்கரையில் கட்டிவிட்டு வந்திருந்தார்.

"குடு இத. நீ போய் உன் பொண்டாட்டிய அனுப்பிவை. கொடி வார்றது என்ன பெரிய வித்தையா? தெனமும் உன்னப் பாக்குறேன்ல."

"சத்தம் கம்மினா உடனே நிறுத்திடு. இல்லன்னா இஞ்சின் வெந்துடும்."

"எல்லாம் தெரியும், போய்யா."

பெட்டியை டிராக்டர் வண்டியில் ஏற்றியிருந்தார்கள். சக்கரம் பாதி தண்ணீரில். பெட்டி போகும் வழியில் பேஷன்ஸில் எல்லாச் சத்தமும் அடங்கும். கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்துவார்கள், ரேடியோவை நிறுத்துவார்கள். அன்றும் நிறுத்தினார்கள். பம்பு மட்டும் ஓடியது. அதை நிறுத்தச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூடவே நடந்த லெனக்ஸ் காதை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டிருந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் சேறு இருந்தது, தண்ணீர் இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது. வேவ்னி பக்கத்தில் வந்து அவன் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

பாட்டு தொடங்கியது. இரண்டாவது சரணத்தில் பம்பின் சத்தம் கம்மியது. பிறகு நின்றது.

அத்தனை தலைகளும் கடல் பக்கம் திரும்பின. பாதிரியார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். குழியின் பக்கச் சுவரில் ஓரிடம் பளபளத்தது. அங்கிருந்து ஒரு விரல் தடிமனுக்குத் தண்ணீர் இறங்கியது. பிறகு இன்னோர் இடத்திலும்.

"ஓடு," என்றாள் வேவ்னி.

"அக்கா, நான் இங்க நிக்கிறேன்னு உங்கிட்ட..."

"நின்னு என்னத்தக் கிழிக்கப் போற? ஓடுடா!"

ஓடினான். பெட்டியை ஒரு தடவை தொட்டிருக்கலாம் என்பது பாலத்தைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போக நேரமில்லை.

சுக்தேவ் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று எதையோ தள்ளிக்கொண்டிருந்தார். கம்பித் தடுப்பை முழுசாக அடைத்துக்கொண்டு, வயிறு ஊதிய ஒரு மாடு. அதைச் சுற்றிப் பாய் விரித்ததுபோல் கொடி.

"என் மாடுதான்யா," என்றார் அழுதுகொண்டே. "செவல. எங்க போச்சோன்னு பாத்தேன். இங்க வந்து நிக்குது."

லெனக்ஸ் கோட்டோடு குதித்தான். கொம்பில் கயிறு போட்டு, இருவரும் இழுத்து, வழுக்கி விழுந்து, மறுபடி இழுத்தார்கள். பம்பு ஓடாததால் ஊரின் அமைதியில் பாட்டு இங்கேவரை கேட்டது. ஆண்கள் குரல் கம்மி. பெண்கள்தான் பாடினார்கள். வேவ்னியின் குரல் அதில் இல்லை. அவள் குரல் எங்கேயும் தனியாகத் தெரியும். மாடு ஒருபுறமாகச் சரிந்து வழி விட்டது. லெனக்ஸ் மேலேறி இஞ்சினை முடுக்கினான். இருமியது. மறுபடி முடுக்கினான். பிடித்துக்கொண்டது.

பம்பு ஓடத் தொடங்கியதும் பாட்டு காதில் விழவில்லை.

சுவரோரம் நட்டிருந்த அளவுக் கட்டையைப் பார்த்தான். ஈரக் கோடு மேலே ஏறியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவன் இத்தனை வருடம் சோறு தின்றான். முள்வாரியை எடுத்துக்கொண்டான். சுக்தேவ் கரையில் உட்கார்ந்து தன் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் வாரினான் என்று அவனுக்குத் தெரியவில்லை. கை எரிந்தது. மண்ணள்ளிப் போட ஒரு புருஷன் அங்கே இல்லை என்பதை ஊர் பார்த்திருக்கும். பார்க்கட்டும். குழி மட்டும் காய்ந்திருந்தால் போதும் என்று கடவுளிடம் கெஞ்சினான்.

வேவ்னி கரைமேல் தனியாக வந்தாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

அவன் அடுத்ததைக் கேட்கப் பயந்து தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காஞ்சுதான் இருந்துச்சு லெனக்ஸு," என்றாள் அவளாகவே. "நீ ஓடின கொஞ்ச நேரத்துல கசிவு நின்னுடுச்சு. பொட்டுத் தண்ணி இல்ல. அலுங்காம எறக்கினோம். பம்புக்காரன் பொண்டாட்டிக்கு ஈரக்குழியா? ஊர் சிரிக்காதா?"

லெனக்ஸ் திரும்பினான். கரைமேல் வருகிறவர்களுக்குக் கணுக்கால்தான் நனையும். வேவ்னியின் வெள்ளைச் சட்டையில், மார்புக்குச் சற்றுக் கீழே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை நேராக ஒரு பழுப்புக் கோடு இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் குழிச்சேறு. இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"சரிக்கா," என்றான்.

அவள் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த இன்னொரு முள்வாரியை எடுத்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கொடி வந்துகொண்டிருந்தது. இருவரும் வாரினார்கள்.